மூன்றாவது கித்தான் பை

கூடாரத்தைத் தைத்தவள் நாச்சம்மை. அதில் படுத்து உறங்கப் போகிறவர்கள் அவள் புருஷன் அடைக்கப்பனும், அவனுடைய ஆருயிர்ச் சிநேகிதர் டிராயிங் மாஸ்டர் ராமசுப்பிரமணியனும். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவும் கேட்டாள், ஒரே ஒரு தடவை, சோறு பரிமாறிக்கொண்டே, பாதி விளையாட்டாக.

"டென்ட்டுல பொம்பளையாளு எப்படித் தங்குறது?" என்று அடைக்கப்பன் சிரித்தான். "நரி வரும், மழை வரும்."

"ஆம்பளையக் கண்டா நரி கும்பிட்டுட்டுப் போயிருமாக்கும்."

அவன் அதற்கும் சிரித்துவிட்டு ரசம் கேட்டான். பேச்சு அத்தோடு போயிற்று. நாச்சம்மைக்கு மட்டும் போகவில்லை.

அடைக்கப்பன் கெட்டவன் இல்லை, மறதிக்காரன். புதுக்கோட்டையில் ஆயில் எஞ்சினும் பம்பு செட்டும் விற்கிற கடை அவனுக்கு. எந்த எஞ்சினுக்கு எந்த வால்வு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தான் கொடுத்த வாக்கைத்தான் மறந்துவிடுவான். போன வருஷம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிளைக் கோனாபட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அவளுடைய சுங்கடிச் சேலையைக் கிழித்துத் துடைத்துக்கொண்டே, "நாச்சம்மை, இந்த வண்டியில மொத தூரப் பயணம் நீயும் நானுந்தான்" என்றான். சேலை கிழிந்த கோபம் அவளுக்கு அந்த நிமிஷமே ஓடிப்போனது. அப்புறம் வண்டி கடை வேலையாகத் திருச்சிக்குப் போயிற்று, மதுரைக்குப் போயிற்று, மீமிசலில் யாருக்கோ எஞ்சின் நின்றுபோனதென்று கடற்கரை வரைக்கும்கூடப் போய் வந்தது. நாச்சம்மை அதன் பின்சீட்டில் உட்கார்ந்தது ஊருணிக் கரை வரைக்கும், ஒரே ஒரு நாள்.

இப்போது 1959-ஆம் வருஷத்துக் காலாண்டுப் பரீட்சை லீவில் நிஜமான தூரப் பயணம் வந்திருக்கிறது. மைசூர் ராஜ்யத்து ஜோக் அருவிக்கு. நானூற்று எண்பது மைல். வழியெல்லாம் ஓட்டல் வேண்டாம், சத்திரம் வேண்டாம், சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுப் போவது என்று முடிவு. முடிவு செய்தவர் மாஸ்டர்.

மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாச்சம்மைக்கு அவர் தாய்வீட்டு வழியில் தூரத்து அண்ணன். தங்கமான மனுஷர். ஆனால் ஒரு ஊருக்குப் போவதைவிட, போவதற்குத் திட்டம் போடுவதில்தான் அவருக்கு ருசி. ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, வீட்டின் நடு வளவில் பாயை விரித்து, பாயின் மேல் மேப்பை விரித்துவிடுவார். ரோட்டுக்குச் சிவப்பு மை, ஆற்றுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு. திம்பம் மலை வளைவுகளை ஒவ்வொன்றாக வரைந்து அதற்கு நம்பர் வேறு போட்டிருந்தார். எடுத்துப் போக வேண்டிய சாமான் பட்டியல் மட்டும் ஐந்து முழுத்தாள். டிங்சர் அயோடின், டார்ச் லைட், கொசுவலை, ஸ்பார்க் பிளக் இரண்டு, மாவடு ஊறுகாய் ஒரு பாட்டில். அந்த ஐந்து தாளிலும் நாச்சம்மையின் பெயர் ஒரே ஓர் இடத்தில் வந்தது: 'கூடாரம், தையல் - நாச்சம்மை'.

அவளுடைய மாமியார் உண்ணாமலை ஆச்சிக்கு இந்தப் பயணத்தில் புரியாத விஷயம் ஒன்றுதான்.

"அந்த ஊர்ல என்னப்பா கோயிலு?"

"கோயில் இல்ல ஆத்தா, அருவி."

"புண்ணிய தீர்த்தமா?"

"சும்மா தண்ணிதான் ஆத்தா. எண்ணூறு அடி ஒசரத்துலேருந்து விழுகுது."

"தண்ணின்னா மேலேருந்து கீழ விழத்தான் செய்யும். அதப் பாக்கவா நானூத்தி எம்பது மைலு?" என்று கேட்டுவிட்டு, ஆச்சி மனகோலமும் சீப்புச்சீடையும் சுடப் போய்விட்டாள். புரியாத பயணமானாலும் பலகாரம் இல்லாமல் அனுப்புவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

கூடாரத்தை ஊருணிக் கரையில் அடித்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையை ஊரே வெகுநாள் பேசியது. மாஸ்டர் அளவெடுத்து அறுத்துக் கொண்டுவந்த இரண்டு மூங்கில் கம்புகளை நட வேண்டும். கோனாபட்டு மண்ணோ ஒரு சாணுக்குக் கீழே செம்பாறை. குழி இறங்கவில்லை. அடைக்கப்பன் ஒரு கம்பைப் பிடிக்க, மாஸ்டர் இன்னொரு கம்பைப் பிடிக்க, இவர்கள் இரண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் கூடாரம் நிற்கும் என்று தெரிந்தது. மாஸ்டர் தும்மினார். கூடாரம் இரண்டு பேர் தலைமேலும் படுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து, "மச்சான், நீ எங்கிட்டு இருக்கே?" என்று அடைக்கப்பனின் குரல் கேட்டது.

காபி கொண்டுவந்த நாச்சம்மை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். கூடாரத்தின் முதுகு ஓரமாக ஒரு கயிறு நுழைகிற அளவுக்கு மடித்துத் தைத்திருந்தாள் அவள். கயிற்றை அதில் கோத்து, ஒரு முனையை வேப்பமரத்திலும் மறுமுனையைப் புளியமரத்திலும் இழுத்துக் கட்டினாள். நாலு மூலையிலும் நாலு கல்லைத் தூக்கி வைத்தாள். கூடாரம் கல்யாணப் பந்தல் கணக்காக நின்றது.

"இது நல்லாத்தான் இருக்கு" என்று அடைக்கப்பன் தலையைச் சொறிந்தான். "ஆனா மாஸ்டர் கம்புக்குல்ல பிளான் போட்டிருக்காரு."

மாஸ்டர் பட்டியலை எடுத்துக் காட்டினார். 'கம்பு - 2' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. சிவப்பு மையில் கோடு போட்டதை மாற்றுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. கம்பு வரத்தான் வரும் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் பை. வண்டியின் இரண்டு பக்கமும் பொதி மாதிரித் தொங்க இரண்டு கித்தான் பை தைக்கச் சொன்னார்கள். நாச்சம்மை நாலு ஊசியை உடைத்துத் தைத்து முடித்தாள். கித்தான் மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதென்று யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அச்சு அசலாக மூன்றாவதாக ஒன்றும் தைத்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அடைக்கப்பன் இரண்டு பைகளையும் வண்டியில் பூட்டிப் பார்க்கக் கடைக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, மூன்றாவது பையில் இரண்டு நூல் சேலை வைத்தாள். சீப்பு, ரிப்பன், ஒரு கம்பளித் துண்டு வைத்தாள். மாஸ்டரின் மேப்பைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்த ஊர்ப் பெயர்களையும் மடித்து வைத்தாள். எங்கும் போவதற்காக இல்லை. பையின் வாய் சரியாக மூடுகிறதா என்று பார்க்கத்தான். தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். நன்றாகவே மூடியது. வார் இழுத்துக் கட்டி அறை ஆணியில் மாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே படுக்கையில் சாய்ந்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

புறப்படுகிற நாள் புதன்கிழமை. மாஸ்டரின் லீவுக் கணக்குப்படி வேறு நாள் கிடையாது. புதன்கிழமை வடக்கே சூலம், போகிற திசையோ வடக்கு. அப்படிப்பட்ட நாளில் கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்குப் பரஸ்தானம் என்று ஒரு வழி இருக்கிறது. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, போகிறவருடைய சாமான் ஒன்றை முன்கூட்டியே வீட்டை விட்டு வெளியேற்றி, போகிற திசையில் இன்னொருவர் இடத்தில் வைத்துவிடுவது. சாமான் போனால் ஆளே புறப்பட்டுப் போன மாதிரி. அப்புறம் ஆள் எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். ஒரே நிபந்தனை, வெளியே போன சாமான் போகிற ஊருக்குப் போகாமல் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. ஆச்சியின் சித்தப்பச்சி ஒருவர் ரங்கூனுக்குப் பரஸ்தானம் வைத்த பெட்டியை, விபூதிப் பை மறந்துவிட்டதென்று திரும்ப உள்ளே எடுத்துவந்து, கப்பலைக் கோட்டைவிட்டவர். அந்தக் கதையை ஆச்சி வருஷத்துக்கு நாலு தடவை சொல்வாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் நல்ல நேரம். நாச்சம்மை ஊருணியிலிருந்து குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால், அறை ஆணி வெறுமையாக இருந்தது.

குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. இடுப்பில் குடத்தோடேயே இரண்டாம் கட்டுக்கு ஓடினாள்.

"அயித்தை, ஆணியில ஒரு பையி..."

"அதான் வச்சாச்சே" என்றாள் ஆச்சி, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் கடையில போய் உக்காந்துக்கிட்டான். பரஸ்தானம்னு ஒண்ணு இருக்கே, ஒருத்தனுக்காச்சும் நெனப்பு இருக்கா? நல்லவேளை, பையக் கட்டி வச்சுட்டுப் போயிருக்கான். நானே எடுத்துக்கிட்டுப் போயி வடக்குக் கோடியில நம்ம சோலையப்பன் காபி கிளப்புல வச்சுட்டு வந்தேன். ஏழு மணி அஞ்சு நிமிஷம். அப்புராணி, முருகன் படத்துக்குக் கீழ மாட்டிப் பூவெல்லாம் போட்டான்."

நாச்சம்மை அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்தாள்.

சொல்லியிருக்கலாம். 'அயித்தை, அது என் பையி' என்று நாலு வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி, 'நீ எங்க போகப் பை கட்டினே?' அதற்கு என்ன பதில்? வாய் மூடுகிறதா என்று பார்த்தேன் என்றால் ஆச்சி நம்புவாளா? நாச்சம்மையே அதை நம்பவில்லையே. காபி கிளப்புக்குப் போய் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்துவிடலாமென்றால், செட்டிவீட்டு மருமகள் காபி கிளப் படியேறினால் பஸ் திருமயம் போவதற்குள் சேதி திருமயம் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு நாளும் அவள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பயத்துக்கு நடுவில், யாருக்கும் தெரியாத ஒரு சந்தோஷமும் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. சாஸ்திரப்படி பார்த்தால் நாச்சம்மை ஜோக் அருவிக்குப் புறப்பட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடைக்கப்பன் மாஸ்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பரஸ்தானம் வைத்தாயிற்று என்று ஆச்சி சொன்னபோது, "சரி ஆத்தா" என்றதோடு சரி. எதை வைத்தாய் என்று கேட்கவில்லை. அவனுக்கு அதெல்லாம் ஆத்தாவின் டிபார்ட்மெண்ட். மாஸ்டர் வண்டியை விட்டு இறங்கிய தினுசுதான் சரியில்லை. புதுக்கோட்டையிலிருந்து இருபது மைல்தான். அதற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றுகொண்டே காபி குடித்தார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் நாச்சம்மை.

"நின்னாத்தான் ஆத்தா சொகமா இருக்கு" என்றார் மாஸ்டர்.

புதன்கிழமை காலையில் ஊர் பாதி வடக்குக் கோடிக்கு வந்துவிட்டது. வண்டியைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இரண்டு பக்கமும் பை, முன்னால் ஸ்டவ், பெட்ரோல் டாங்கின் மேல் பலகார டின், பின்னால் கூடாரச் சுருட்டு, குறுக்கே லாரியில் போக வேண்டிய நீளத்துக்கு இரண்டு மூங்கில் கம்பு. இதற்கெல்லாம் நடுவில் மாஸ்டர் உட்கார வேண்டும். சோலையப்பன் கும்பிட்டுக்கொண்டே வந்து, பூவும் குங்குமமுமாக மூன்றாவது பையை நீட்டினான்.

"ஏது இது?" என்றான் அடைக்கப்பன். "எங்க பையி ரெண்டும் இந்தா வண்டியில இருக்கே."

"பரஸ்தானம் வச்ச பையிங்க. ஆச்சி குடுத்தாக."

அடைக்கப்பன் வாரை அவிழ்த்தான். முதலில் வந்தது மஞ்சள் நூல் சேலை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்தது ரிப்பன். மாஸ்டர் தன் பட்டியலை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், ரிப்பன் எந்தத் தாளில் இருக்கிறது என்று.

ஆச்சியின் முகம் வெளிறிவிட்டது. "இது ஆரு பையி?"

ஓடிப்போய்விடலாம் என்றுதான் நாச்சம்மைக்கு இருந்தது. ஆனால் ஊர் முன்னால் பை திறந்த பிறகு மூட என்ன இருக்கிறது?

"எம்பையி அயித்தை" என்றாள். "எனக்கும் போகணும்னு ஆசை. கேட்டேன், சிரிச்சாக. அதான் பையி மட்டுமாச்சும் கட்டி வச்சுப் பாத்தேன். வண்டி வாங்குன அன்னிக்கு அவுகதான் சொன்னாக, மொத தூரப் பயணம் நீயும் நானுந்தான்னு. நானாக் கேட்டு வாங்கல, அவுகளாச் சொன்னாக."

பைக்குள்ளிருந்து ஒரு தாள் அடைக்கப்பன் கையில் வந்திருந்தது. நாச்சம்மையின் குண்டு குண்டுக் கையெழுத்து. திருச்சி - காவேரிக் கரையில் பெரிய மரங்கள் இருக்கும், கயிறு கட்டலாம். சத்தியமங்கலம் - விறகு கிடைக்கும். திம்பம் - குளிரும், அவுகளுக்குக் காது வலி வரும், கம்பளித் துண்டு. மைசூர் - பூ. கடைசியில் ஜோக் அருவி. அதற்கு நேரே 'பார்க்கணும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்தத் தாளை அவன் இரண்டு தடவை படித்தான். காது வலி தனக்கு வரும் என்பது அவனுக்கே மறந்துபோன விஷயம்.

"சொன்னேன் ஆத்தா" என்றான், ஊருக்கே கேட்கிற மாதிரி. "நாந்தான் சொன்னேன். சொல்லிப்புட்டு மறந்துட்டேன்."

ஆச்சி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பஞ்சாயத்துத் தலைவர் தீர்ப்புச் சொல்லும் முன் அப்படித்தான் நிற்பார்.

"தப்பு எம்மேலதான். பையத் தொறந்து பாக்காம எடுத்தேன். ஆனா நடந்தது நடந்துபோச்சு. பரஸ்தானம் போனது இவ பேருக்கு. இது திரும்ப வாசப்படி ஏறக் கூடாது. அப்ப இவ போயித்தான் ஆகணும். அடைக்கப்பா, ஒம் பேருக்கு ஒண்ணும் வைக்கல, சூலத்துல நீ போகக் கூடாது. ஆனா பொஞ்சாதிக்கு வச்சது புருஷனுக்கும் சேரும். அவ கூடத் தொணைக்குப் போ."

"நானு, ஆச்சி?" என்றார் மாஸ்டர்.

"ஒங்களுக்கு ஆரு தம்பி வச்சது?"

மாஸ்டர் முகத்தில் வருத்தம் தெரிய வேண்டும் என்று ரொம்பப் பாடுபட்டார். முடியவில்லை. இருபது மைல் அவர் இடுப்பில் இன்னும் உட்கார்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து மேப்பை எடுத்து, ரெட்டைக் கையால் தங்கைக்குக் கொடுத்தார்.

"சிவப்புக் கோட்ட விட்டு எங்கிட்டும் எறங்கிடாத ஆத்தா. பதினாறாம் நம்பர் வளைவுல ஹாரன் அடிக்கச் சொல்லு. நான் இங்கிட்டு இருந்துக்கிட்டே, இன்னிக்கு இந்நேரம் எங்க இருப்பீங்கன்னு மேப்புல பாத்துக்கிட்டே இருப்பேன். அடுத்த வருஷம் காசிக்கு ஒரு பிளான் போட்டுறலாம்."

அப்புறம் எல்லாம் பரபரவென்று நடந்தது. நாச்சம்மை ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார இடம் வேண்டும். சோலையப்பன் கூடாரச் சுருட்டை இன்னும் இறுக்கிக் கட்டினான். மாஸ்டரின் பை கழன்றது, அந்த இடத்தில் பூ வைத்த பை ஏறியது. குறுக்கே கிடந்த கம்புகளை யாரோ உருவி ஆச்சி கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் வேறு சேலை மாற்றக்கூட ஆச்சி விடவில்லை.

"மைசூர்ல சாமுண்டியப் பாக்காம வந்தீகன்னா வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்" என்றாள். "அந்தத் தண்ணியையும் பாத்துட்டு வாங்க."

அடைக்கப்பன் உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. நாச்சம்மை ஒரு கையால் மேப்பையும் மறு கையால் அவன் தோளையும் பிடித்துக்கொண்டாள். வேப்பமரம் பின்னால் போயிற்று, ஊருணி போயிற்று, திருமயம் ரோட்டின் செம்மண் புழுதி எழும்பியது. ஊருணிக்கு அந்தப் பக்கம் இந்த வண்டியில் அவள் வந்ததே இல்லை.

கொஞ்ச தூரம் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காபி கிளப் வாசலில் உண்ணாமலை ஆச்சி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் இரண்டு மூங்கில் கம்புகள். கூடாரக் கம்பு வண்டியில் ஏறவில்லை என்று அப்போதுதான் ஆச்சிக்கு உறைத்திருக்க வேண்டும். கம்புகளைத் தோளில் சாய்த்து ஒரு கையால் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். பயணம் புறப்பட்டவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, ஆகையால் வாயை மட்டும் இன்னொரு கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன, எதையும் விட்டுட்டமா?" என்று அடைக்கப்பன் காற்றில் கத்திக் கேட்டான்.

சொன்னால் வண்டியைத் திருப்புவான். திருப்பினால் மாஸ்டர் பட்டியலில் கம்புக்குக் கீழே சிவப்பு மையில் போட்ட கோட்டைக் காட்டுவார்.

ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன, கயிறு கட்டத் தோதாக, திருமயம் வரைக்கும், அதற்கு அப்பாலும்.

"ஒண்ணும் விடல" என்றாள் நாச்சம்மை. "நேராப் போங்க."